குழாய்த் திருடனுக்குப் பிணை

ஜூன் 3, செவ்வாய்

இந்தக் கட்சி டைரி ஜனவரியிலேயே வந்தது. வட்டச் செயலாளர் தன் கையால் கொடுத்தார். முன்பக்கங்களில் தலைவர் சிரிக்கிறார், மாவட்டம் கும்பிடுகிறது, வட்டம் கைகட்டி நிற்கிறது. அவர்களையெல்லாம் தாண்டி எழுத இடம் கண்டுபிடிப்பதற்குள் ஜூன் ஆகிவிட்டது.

என் பெயர் பூமயில். ஐந்தாம் வகுப்பில் முதல் மாணவி. ஆறாம் வகுப்புக்குத்தான் என்னைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. மதுரையில் எந்தக் கல்யாண மண்டபத்துச் சமையற்கட்டில் விசாரித்தாலும் காய் நறுக்கும் பூமயிலக்காவைத் தெரியும். அது பிழைப்பு. கட்சிக் கூட்டத்துக்குத் தெருப் பெண்களைத் திரட்டுவது தொண்டு. பேசுகிற தலைவர் யார் என்று எங்கள் பெண்கள் கேட்க மாட்டார்கள். பிரியாணியா, புளிச்சோறா என்று மட்டும் கேட்பார்கள்.

இன்று கோர்ட்டில் என் பேரன் வசந்தபாண்டி குற்றவாளி என்று சொல்லிவிட்டார்கள். மகன் வயிற்றுப் பேரன். ஒரே பேரன். மூன்றாவது முறை. முதலில் பைக் பேட்டரி, அப்புறம் செல்போன், இப்போது கல்யாண மண்டபத்துப் பித்தளைக் குழாய்கள். கை கழுவுகிற இடத்தில் இருந்த அத்தனையையும் திருகிக்கொண்டு போய்விட்டான். அன்று அதே மண்டபத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தவள் நான். கெட்டிமேளம் கொட்டும்போது தண்ணீர் என் கத்தரிக்காயை எல்லாம் மிதக்கவிட்டுக் கொண்டு போயிற்று. மாப்பிள்ளை வேட்டியைத் தூக்கிக்கொண்டுதான் தாலி கட்டினார்.

தண்டனை இன்னும் சொல்லவில்லை. இலவச சட்ட உதவியில் ஜெசிந்தா என்று ஒரு வக்கீல் பெண்ணைக் கொடுத்திருக்கிறார்கள். வெளியே வேப்பமரத்தடியில் நிறுத்தி விளக்கினாள்.

"பாட்டி, இது மூணாவது கேஸ்…"

"பாட்டியா? அக்கான்னு கூப்பிடு."

"சரிக்கா. மூணு வருஷம் வரைக்கும் உள்ள போடலாம். ஆனா போதைப் பழக்கத்தாலதான் திருடுறான்னு மாஜிஸ்திரேட் நம்பினார்னா, சிகிச்சைக்கு அனுப்பிட்டு பிணையில விடவும் வழி இருக்கு. நன்னடத்தை அலுவலர்னு ஒருத்தர் உங்க வீட்டுக்கு வந்து விசாரிச்சு அறிக்கை குடுப்பார். அவர்கிட்ட உள்ளது உள்ளபடி சொல்லிருங்க."

நான் தலையாட்டினேன். போதையாம். என் பேரனுக்காம். திருட்டு வழக்கு ஒன்று இருக்கும்போதே, கஞ்சா வழக்கையும் என் வாயால் சேர்த்துக்கொடுக்கச் சொல்கிறாள். சின்னப் பெண், உலகம் தெரியவில்லை.

ஜூன் 6, வெள்ளி

சிறையில் மனுப் போட்டு வசந்தைப் பார்த்தேன். மார்ச்சில் பிடித்துக்கொண்டு போனபோது கொடிக்கம்பி மாதிரி இருந்தவன், இப்போது கன்னம் வைத்திருக்கிறான். அரசாங்கச் சாப்பாட்டைக் குறை சொல்லக் கூடாது.

வெளியில் இருந்தபோது அக்னி நட்சத்திரத்திலும் முழுக்கைச் சட்டைதான் போடுவான். கொசுக்கடி. அதுவும் அந்த முழங்கை மடக்கில்தான் கடிக்கும். இன்று அரைக்கைச் சட்டையில் இருந்தான். எல்லாம் ஆறியிருக்கிறது. சிறையில் கொசு இல்லை போலிருக்கிறது.

"அப்பத்தா," என்றான். "இங்க வந்த புதுசுல செத்துருவேன்னு நெனச்சேன். ஒடம்பு பூரா நடுங்கி, வாந்தி. இப்பப் பரவால்ல."

"கேப்பக்கூழ் குடுத்தாய்ங்களா?"

"அப்பத்தா, நான் சொல்றதக் கேளு. வெளிய விட்டாய்ங்கன்னா திரும்பப் போடுவேன். எனக்கே தெரியுது."

"என்னத்தப் போடுவ? சட்டையத்தான போடுவ. ரெண்டு புதுச்சட்டை எடுத்து வச்சிருக்கேன்."

அவன் என்னையே பார்த்தான். நான் அவனுக்குப் பின்னால் சுவரில் ஓடிய பல்லியைப் பார்த்தேன். நேரம் முடிந்தது என்று சொல்லிவிட்டார்கள். சிறையிலும் நல்ல காரியங்கள் நேரத்துக்கு நடக்கின்றன.

ஜூன் 10, செவ்வாய்

நாளை மறுநாள் அலுவலர் வருகிறாராம். வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்தேன். சுற்ற அதிக நேரம் ஆகவில்லை. டிவி, மிக்ஸி, குக்கர், மேசை விசிறி எல்லாம் பழுது பார்க்கக் கொடுத்திருக்கிறேன். கொடுத்து இரண்டு வருடம் ஆகிறது. கடைக்காரன் மெதுவாகச் செய்கிறான்.

அதனால் தெருவில் இரவல் வாங்கினேன். பெண் பார்க்க வரும் நாளில் எல்லா வீட்டிலும் செய்வதுதானே. எதிர்வீட்டுச் செல்லத்தாய் கிரைண்டர் தந்தாள். அவளும் நானும் முப்பது வருடமாக ஒருவர் கோலத்தில் ஒருவர் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறோம்.

"தர்றேன் மதினி," என்றாள். "ஆனா சங்கிலியோடதான் தருவேன். உன் வீட்டு ஜன்னல்ல கட்டிப் பூட்டிருவேன். சாவி என்கிட்ட."

"எதுக்குடி சங்கிலி?"

"எதுக்கோ."

அந்த 'எதுக்கோ'வுக்கு அவளை நாலு கேள்வி கேட்டிருப்பேன். கிரைண்டர் வந்து சேரட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஜூன் 12, வியாழன்

அலுவலர் பெயர் லோகநாதன். ஒல்லியாக, பைல் தூக்கிக்கொண்டு, செருப்பை வாசலிலேயே நேராக வைத்துவிட்டு வந்தார். மரியாதை தெரிந்தவர். காபி கொடுத்தேன். டிவியில் பாட்டு ஓடியது. இரவல் நாற்காலியில் அவர், இரவல் விசிறிக்கு முன்னால்.

"பேரன் எதுவரைக்கும் படிச்சிருக்காரும்மா?"

"பத்தாப்பு. அதுக்கு மேல படிச்சா கண்ணு கெட்டுரும்னு நான்தான் நிறுத்துனேன்."

"குடி, கஞ்சா, மாத்திரை… அந்த மாதிரி எதுவும் உண்டுங்களா? மறைக்காமச் சொல்லுங்க."

"சார், அவன் வெத்தலகூடப் போட மாட்டான். டீக்கே சீனி கம்மியாத்தான் போடச் சொல்லுவான்."

"அவங்கப்பா?"

"மஞ்சக்காமாலையில போயிட்டான்."

எழுதிக்கொண்டார். ஜன்னல் பக்கம் பார்வை போயிற்று.

"கிரைண்டரை ஏம்மா சங்கிலி போட்டுக் கட்டியிருக்கீங்க?"

"மாவு ஆட்டும்போது நகருது சார். போன வாரம் வாசப்படி வரைக்கும் போயிருச்சு."

அவர் சிரிக்கவில்லை. கிரைண்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி எழுதினார். ஐந்தாம் வகுப்புப் படித்தவளுக்கு இவ்வளவு சமயோசிதம் எங்கிருந்து வந்தது என்று நினைத்திருப்பார். வாசல்வரை போய் வழியனுப்பினேன். மேடையில் பேசி இறங்கிய மாதிரி இருந்தது.

ஜூன் 13, வெள்ளி

எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தாயிற்று. வீடு பழையபடி விசாலமாக இருக்கிறது.

ஜூன் 17, செவ்வாய்

தண்ணீர் லாரி வரவில்லை. வந்தபோது நான் இல்லை. ரேஷனில் துவரம்பருப்பு இல்லை, இருந்தபோதும் நான் இல்லை. 27ஆம் தேதி தண்டனை பற்றிக் கேட்கப்போகிறார்கள். அந்த வேலையாக அலைகிறேன்.

கோர்ட்டுக்கு ஆள் திரட்டப்போகிறேன். யோசித்துப் பார்த்தால் இது முன்பே தோன்றியிருக்க வேண்டும். ஒரு வேட்பாளர் தனியாகப் போய் மனுக் கொடுக்கிறாரா? பின்னால் தெருவே வந்து நின்றால், நல்ல குடும்பத்துப் பையன் என்று மாஜிஸ்திரேட்டுக்குப் புரியும். இரண்டு ஷேர் ஆட்டோ பேசியாயிற்று. பெண்கள் கேட்டார்கள், சாப்பாடு உண்டா என்று. தக்காளிச் சாதம் என்றேன். மாஜிஸ்திரேட்டுக்குப் போர்த்த ஒரு பொன்னாடையும் வாங்கி வைத்திருக்கிறேன். சரிகை போட்டது.

ஜூன் 20, வெள்ளி

ஜெசிந்தா வரச்சொல்லிப் போன் செய்தாள். போனதும் அறிக்கையைப் படித்துக் காட்டினாள். என் வீட்டைப் பற்றி ஒருவர் இவ்வளவு நல்லவிதமாக எழுதி நான் கேட்டதில்லை. "தேவையான வீட்டு உபயோகப் பொருட்கள் அனைத்தும் உள்ளன. போதைப் பழக்கம் எதுவும் இல்லை எனப் பாட்டி உறுதிபடக் கூறுகிறார்." பாட்டி என்றதுதான் உறுத்தியது.

"நல்லாத்தானம்மா எழுதியிருக்காரு?"

"நல்லாவா?" பேப்பரை மேசையில் போட்டாள். "அக்கா, உங்க பேரனுக்கு வறுமையும் இல்லை, போதையும் இல்லைன்னா அவன் ஏன் திருடுறான்? திருடுறதே தொழில்னுதானே அர்த்தம்? அரசு வக்கீல் இதை வச்சே மூணு வருஷம் கேப்பார். நானே அரசு வக்கீலா இருந்தாலும் கேப்பேன்."



"போதைன்னு சொன்னா இன்னொரு கேஸ் போட்டுருவாய்ங்கன்னு…"

"அந்தக் கேஸ்ல போலீஸ் அவனைப் பிடிக்கலை. நீங்க சொல்றதால புதுசா கேஸ் வராது. அக்கா, நேத்து அவனை ஜெயில்ல பார்த்தேன். நானே கோர்ட்ல சொல்றேங்கிறான். ஆனா தப்பிக்கிறதுக்காகச் சொல்றான்னுதான் எல்லாரும் நினைப்பாங்க. வீட்டுல இருந்து பார்த்தவங்க நீங்க. அறிக்கைக்கு எதிரா நீங்க எழுந்து சொன்னாத்தான் நம்புவாங்க."

"எங்க சொல்லணும்?"

"கோர்ட்லதான். எல்லார் முன்னாடியும்."

எல்லார் முன்னாடியும் என்றால் யார் யார் என்று அவளுக்குத் தெரியாது. நான்தானே ஆட்டோ பேசியிருக்கிறேன்.

ஜூன் 22, ஞாயிறு

கூட்டத்தைக் கூட்டத் தெரிந்தவளுக்குக் கலைக்கத் தெரியவில்லை. வர வேண்டாம் என்று ஒருத்தியிடம் சொல்லிப் பார்த்தேன். "ஏன், என்ன விசயம்?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். சாயங்காலத்துக்குள் ஏழு பேர் வந்து "என்ன விசயம்?" என்று கேட்டுவிட்டார்கள். வருகிறேன் என்று சொல்லாதவர்களும் இப்போது வருகிறார்களாம். மூன்றாவது ஆட்டோ வேண்டும்.

ஜூன் 25, புதன்

பாண்டி கோயிலுக்குப் போனேன். முதல் வழக்குக்கு ஒரு கிடா நேர்ந்தேன், தோற்றோம். இரண்டாவதற்கும் நேர்ந்தேன், தோற்றோம். இரண்டு கிடாவும் பிழைத்து எங்கேயோ பேரன் பேத்தி எடுத்திருக்கும். இம்முறை எதுவும் நேரவில்லை. "உனக்கே தெரியும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். சாமியும் "உனக்கே தெரியும்" என்கிற மாதிரிதான் முழித்துக்கொண்டிருந்தது.

ஜூன் 27, வெள்ளி

 தக்காளிச் சாதத்தைக் கிளறிக் கட்டி, பெண்களை ஆட்டோவில் ஏற்றி, கோர்ட் வாசலில் இறக்கினேன். வாசலில் நின்ற போலீஸ்காரர் பயந்துவிட்டார்.

"எந்தக் கட்சிம்மா? ஆர்ப்பாட்டத்துக்கு அனுமதி வாங்கிருக்கீங்களா?"

"பேரனைப் பாக்க வந்துருக்கோம்யா."

"இத்தனை பேருக்கும் ஒரே பேரனா?"

ஒருவழியாகப் பாதிப் பேரை உள்ளே விட்டார். மீதிப் பேர் சாப்பாட்டுக்குக் காவல்.

வசந்தைக் கூண்டில் ஏற்றினார்கள். எங்களைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான். மாஜிஸ்திரேட்டுக்கு என் செத்துப்போன மகன் வயது இருக்கும். கண்ணாடியைத் தூக்கி எங்களைப் பார்த்தார்.

"யார் இவங்கல்லாம்?"

ஜெசிந்தா எழுந்தாள். "குற்றவாளியோட பாட்டி தண்டனை சம்பந்தமா ஒண்ணு சொல்லணும்கிறாங்க ஐயா."

முன்னால் போய் நின்றேன். மேடையில் எத்தனை தடவை ஏறியிருக்கிறேன். மைக்கில் எச்சில் தெறிக்கத் தெறிக்கப் பேசியிருக்கிறேன். இன்று கும்பிடுவதற்குக் கையைத் தூக்கினேன்.

"அது என்னம்மா கையில?"

அப்போதுதான் பார்த்தேன். பொன்னாடையைத் தூக்கிக்கொண்டே வந்துவிட்டேன்.

"பொன்னாடைங்கய்யா."

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான்."

கோர்ட் முழுக்கச் சிரித்தது. டவாலி அணிந்தவர்கூடச் சிரித்துவிட்டு அப்புறம் "சைலன்ஸ்" என்று கத்தினார். மாஜிஸ்திரேட் சிரிக்காமல் இருக்க மிகவும் சிரமப்பட்டார். "அதை யார்கிட்டயாவது குடுத்துட்டுச் சொல்லுங்க," என்றார். பின்னால் நீட்டினேன். செல்லத்தாய் வாங்கிக்கொண்டாள். அவள்தான் எனக்கு நேர் பின்னால் நின்றாள். வேறு யாராவது நின்றிருக்கக் கூடாதா.

"அய்யா, என் பேரனுக்கு மாத்திரைப் பழக்கம்," என்றேன். "வலிக்குப் போடுற மாத்திரைய ஊசியில ஏத்திக்கிறான். ஏழெட்டு வருசமா."

சிரிப்பு நின்றுவிட்டது.

அரசு வக்கீல் எழுந்தார். "அறிக்கையில அப்படி எதுவும் இல்லையேம்மா?"

"எப்பிடிய்யா இருக்கும்? அவர்கிட்டப் பொய் சொன்னவளே நான்தான."

"அன்னிக்குச் சொன்னது பொய், இன்னிக்குச் சொல்றது உண்மைன்னு எப்படி நம்புறது?" என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

"பொய் சொன்னா எனக்குப் பேரு கெடாது அய்யா. இன்னிக்குக் கெட்டுருச்சு. எந்தத் தெருவுக்குத் தெரியக் கூடாதுன்னு பொய் சொன்னேனோ, அந்தத் தெருவே இந்தா பின்னால நிக்குது."

"அவங்களை யார் கூட்டிட்டு வந்தது?"

"நான்தான்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "வீட்டுல என்னென்ன எடுத்தான்?"

"மிக்ஸி, குக்கர், டிவி, விசிறி. எங்க வீட்டுக்காரர் போட்டோவுல இருந்த சட்டத்தை எடுத்தான். போட்டோவை மட்டும் பத்திரமா செல்ப்புல வச்சுட்டுப் போயிட்டான். தாத்தா மேல அவ்வளவு மரியாதை."

பின்னால் ஒரு குரல் கேட்டது. "அய்யா, எங்க வீட்டுத் தண்ணி மோட்டாரு!"

"எங்க வீட்டுக் கொடிக்கம்பி அய்யா! துணியெல்லாம் மடிச்சுத் திட்டுல வச்சுட்டுக் கம்பிய மட்டும் அத்துக்கிட்டுப் போயிட்டான்!"

"எங்க ஆட்டுக்குட்டியோட மணி! ஆட்டை விட்டுட்டான்!"

நான் கூட்டி வந்த கூட்டம். நான் கட்டிய சாதம். டவாலி கத்தி ஓய்வதற்குள் தெருவில் காணாமல் போன எல்லாம் கோர்ட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டன. அரசு வக்கீலுக்கு ஒரே சந்தோசம். "பார்த்தீங்களா ஐயா, வெளிய வராத குற்றம் எத்தனை!"

மாஜிஸ்திரேட் பெண்களைப் பார்த்தார். "உங்கள்ல ஒருத்தராவது போலீஸ்ல புகார் குடுத்தீங்களா?"

 கடைசியில் செல்லத்தாய்தான் சொன்னாள். "பூமயிலு வீட்டுப் பிள்ளைன்னு விட்டுட்டோம் அய்யா. அது தெரியாத மாதிரி இருந்துச்சு. நாங்களும் தெரியாத மாதிரி இருந்துக்கிட்டோம்."

தெருவுக்குத் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியாது என்று தெரு நினைத்துக்கொண்டிருக்கவில்லை.

"பையனோட அப்பா எப்படி இறந்தார்?" என்று மாஜிஸ்திரேட் என்னைக் கேட்டார்.

"மஞ்சக்காமாலை," என்றேன். பழக்கதோசம். அப்புறம், "குடிச்சுக் குடிச்சு வந்த மஞ்சக்காமாலை," என்றேன்.

வசந்தைப் பார்த்து, தண்டனை பற்றி என்ன சொல்கிறாய் என்று கேட்டார். அவன் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"உள்ள போட்டாலும் சரிங்கய்யா. வெளிய விட்டீங்கன்னா நேரா வீட்டுக்கு மட்டும் விட்டுறாதீங்க. அங்க அப்பத்தா எதுவுமே நடக்காத மாதிரி சோறு போடும்."

 சோறு போட்டது குற்றமாம். அவன் சொன்னதை மாஜிஸ்திரேட் எழுதிக்கொண்டார்.

அரசு ஆஸ்பத்திரி மருத்துவர் அவனைப் பார்த்து அறிக்கை தர வேண்டும், 11ஆம் தேதி உத்தரவு என்று சொல்லிவிட்டார்கள். வெளியே வந்து பெண்கள் தக்காளிச் சாதம் சாப்பிட்டார்கள். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒருத்தி மட்டும் ஊறுகாய் கேட்டாள்.

பொன்னாடையைச் செல்லத்தாய் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜூலை 2, புதன்

பெரிய கல்யாணம். நாள் முழுக்க வெங்காயம். கண் எரிச்சல் நிற்கவில்லை. வீட்டுக்கு வந்தும் நிற்கவில்லை. நாசிக் வெங்காயம் அப்படித்தான்.

ஜூலை 11, வெள்ளி

உத்தரவு ஆயிற்று.

அரசு வக்கீல் விடவில்லை. மூன்றாவது குற்றம், இவனை விட்டால் ஊரில் ஒரு குழாய் மிஞ்சாது என்றார். நியாயமான பேச்சுதான். ஜெசிந்தா மருத்துவர் அறிக்கையைக் காட்டினாள். கொசுக்கடி என்று நான் எழுதியதற்கெல்லாம் மருத்துவர் வேறு பெயர் எழுதியிருக்கிறார்.

மாஜிஸ்திரேட் சொன்னதை என் புத்திக்கு எட்டியபடி எழுதுகிறேன். சிறைத் தண்டனையை இப்போது சொல்லவில்லை. மூன்று வருடம் நன்னடத்தைப் பிணை. அதில் முதல் ஆறு மாதம் சிகிச்சை மையத்தை விட்டு வெளியே வரக் கூடாது. ஓடினாலோ திருடினாலோ மறுபடி இதே கூண்டில் ஏற்றி, பாக்கி வைத்த தண்டனையைச் சொல்லிவிடுவார். பிணைக்குக் கையெழுத்து நான்.

"அம்மா, இங்க பாருங்க," என்றார் என்னிடம். "மையத்துல இருந்து இவன் ஓடினா எங்க வருவான்?"

"என்கிட்டத்தான்."

"வந்தா என்ன செய்வீங்க?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"எனக்குச் சொல்ல வேண்டாம். அன்னிக்கு லோகநாதன் சாருக்குச் சொல்லுங்க. அன்னிக்கே சொல்லிட்டீங்கன்னா, இவனைப் பழையபடி மையத்துக்கே அனுப்ப நான் யோசிப்பேன். மறைச்சு வச்சு நாங்களா வந்து பிடிச்சா, நேரா ஜெயில்தான்."

கையெழுத்துப் போடும்போது குமாஸ்தா மை டப்பாவை என் பக்கம் நகர்த்தினார். கைநாட்டாம். பேனாவைப் பிடுங்கி, "ச. பூமயில்" என்று இடம் தாண்டிப் போகிற அளவுக்குப் பெரிதாகப் போட்டேன்.

ஜூலை 19, சனி

அந்தக் கோர்ட் நாளுக்குப் பிறகு தெருவில் ஒரு விசித்திரம் நடக்கிறது. மதியம் வெயிலில் ஆள் நடமாட்டம் இல்லாதபோது ஒருத்தி வருகிறாள். சும்மா வந்தேன் என்கிறாள். வெயில், வேலை, விலைவாசி எல்லாம் பேசிவிட்டுப் போகும்போது நிலைப்படியில் நின்று, "அந்த மையத்துல இடம் கெடைக்குமாக்கா? எனக்கில்ல, தெரிஞ்ச பிள்ளை ஒண்ணுக்கு," என்கிறாள். இதுவரை ஐந்தாறு பேர் வந்துவிட்டார்கள். எல்லாருக்கும் ஒரு தெரிந்த பிள்ளை இருக்கிறது.

இன்று வட்டச் செயலாளரின் சம்சாரம் வந்தார். காரைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு, முக்காடு போட்டுக்கொண்டு. அவர்கள் வீட்டிலும் கொசு இருக்கிறதாம்.

ஜெசிந்தா நம்பரை எல்லாருக்கும் கொடுக்கிறேன். அவள் போன் செய்து, "அக்கா, என்ன கூட்டம் திரட்டுறீங்களா?" என்கிறாள். பழகிய தொழில், என்ன செய்ய.

ஜூலை 28, திங்கள்

மையத்தில் பார்க்கவிட்டார்கள். தாடி எடுத்திருக்கிறான். அங்கே வட்டமாக உட்காரவைத்து ஆளுக்கொரு தடவை பேசச் சொல்கிறார்களாம். "செம போர் அப்பத்தா," என்றான். "உன் கட்சிக் கூட்டம் மாதிரியே இருக்கு. பிரியாணியும் கெடையாது."

தூக்கம் வருகிறதா என்று கேட்டேன். வரவில்லை என்றான். முதல்முறையாக அவனிடம் நேராகக் கேட்டேன்: "அது வேணும் வேணும்னு இருக்கா?"

அவன் சிரிப்பதை நிறுத்திவிட்டான். "தெனமும்," என்றான்.

நானும் வேறு பக்கம் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

மத்தியானம் அயிரை மீன் குழம்பு வைத்து இறக்கிவிட்டு நிமிர்ந்தால், வாசலில் வசந்து நிற்கிறான். வேர்த்து, சட்டை முதுகோடு ஒட்டி, ஒரு காலில் செருப்பு இல்லை.

"சுவரேறிக் குதிச்சுட்டேன் அப்பத்தா. சும்மா ஒரு வாய் உன் கொழம்பு சாப்புட்டுட்டு, நானே திரும்பப் போயிருவேன். சத்தியமா."

"கையக் கழுவு," என்றேன்.

தட்டு போட்டேன். சோறு போட்டேன். குழம்பு ஊற்றினேன். அவன் குனிந்து சாப்பிட ஆரம்பித்தான். பின்னங்கழுத்து வேர்வையில் மின்னியது. மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது பள்ளிக்கூடத்திலிருந்து ஓடிவந்து இப்படித்தான் உட்கார்ந்து சாப்பிடுவான். அப்போதும் நான் டீச்சரிடம் காய்ச்சல் என்றுதான் சொன்னேன்.

அவன் சாப்பிடுகிற வேகத்தைப் பார்த்தேன். சாப்பாட்டுக்கு வந்தவன் அப்படிச் சாப்பிட மாட்டான். கண் இரண்டும் அலமாரி, பரண், என் இடுப்புச் சுருக்குப்பை என்று சுற்றி வந்தன.

"உப்பு வாங்கிட்டு வந்துடறேன்," என்று வெளியே வந்து கதவைச் சாத்தி, கொண்டியைப் போட்டேன். படியில் உட்கார்ந்து லோகநாதன் சாருக்குப் போன் செய்தேன். நான் பேசியது உள்ளே கேட்டிருக்கிறது.

"அப்பத்தா! கதவத் தொற!"

திறக்கவில்லை. முதலில் கெஞ்சினான். அப்புறம் கதவை உதைத்தான். அப்புறம் திட்ட ஆரம்பித்தான். நாற்பது வருடம் சமையற்கட்டில் ஆண்களோடு வேலை பார்த்தவள் நான். பாதி வார்த்தைகள் எனக்கு ஏற்கெனவே தெரியும். மீதியைச் செந்தமிழில்கூட எழுத முடியாது.

ஒவ்வொரு வாசலிலும் தலைகள் முளைத்தன. செல்லத்தாய் தெருவைக் கடந்து வந்தாள்.

"என்ன மதினி, சத்தம்?"

ரேடியோ என்று சொல்ல ஒரு நிமிடம் ஆகியிருக்காது.

"வசந்துடி. ஓடியாந்துட்டான். உள்ள வச்சுப் பூட்டிருக்கேன். ஆபீசர் வர்றாரு."

அவள் கதவைப் பார்த்தாள். பிறகு என் பக்கத்தில் படியில் உட்கார்ந்து, கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள். கனமான உடம்பு. கொண்டிக்கு நல்ல துணை. உள்ளே இருந்தவன் இப்போது எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டினான்.

"பூட்டுறதுதான் பூட்டுன," என்றாள். "சாப்புட்டானா?"

"பாதித் தட்டுல இருக்கான்."

"அடப் பாவி மகளே. முழுசாத் தின்னதுக்கப்புறம் பூட்டிருக்கலாம்ல."

லோகநாதன் சார் ஒரு ஆட்டோவில், மையத்து ஆட்கள் இரண்டு பேரோடு வந்தார். கொண்டியை நான்தான் எடுத்தேன். அது என் கையால்தான் நடக்க வேண்டும் என்று தோன்றியது. வசந்து சுவரோரம் உட்கார்ந்திருந்தான். திட்டித் திட்டிக் குரல் போயிருந்தது. தட்டு காலியாக இருந்தது. கோபத்திலும் சோறு இறங்கியிருக்கிறது.

"அதே நாள்ல தகவல் குடுத்தாங்கன்னு எழுதிடுறேம்மா," என்றார் லோகநாதன் சார். "மாஜிஸ்திரேட் பார்த்துக்குவார்."

"கையெழுத்து வேணுமா சார்?"

"வேண்டாம்மா."

வசந்து என்னைத் தாண்டிப் போனான். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும் தலையை வெளியே நீட்டினான். கண் சிவந்திருந்தது.

"இனிமே உன் மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன் கெழவி."

"முழிக்காத," என்றேன். "ஆறு மாசத்துக்கு இங்க வந்து முழிக்கக் கூடாதுன்னுதான்டா கோர்ட்டே சொல்லியிருக்கு."

மையத்து ஆள் ஒருவர் சிரித்துவிட்டார். வசந்துக்கும் உதடு கொஞ்சம் கோணியது. அது சிரிப்பா, அழுகையா என்று பார்ப்பதற்குள் ஆட்டோ திரும்பிவிட்டது. சோற்றுக் கையைக்கூடக் கழுவவில்லை. குழம்பு காய்ந்த கையை மடியில் வைத்துக்கொண்டு போகிறான்.